பகடை யார் கையில்? லண்டன் ‘சல்யூட்’ கண்காட்சியும் ஒரு வந்தவாசி மேசையும்

லண்டனின் கிழக்குப் பகுதியில், ராயல் விக்டோரியா கப்பல்துறையை ஒட்டி நிற்கும் எக்ஸெல் கண்காட்சி மையத்தில், பெரும்பாலும் ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ‘சல்யூட்’ என்னும் ஒருநாள் கண்காட்சி நடைபெறுகிறது. மேசைமேல் ஆடப்படும் போர்விளையாட்டுகளுக்கும் அவற்றுக்கான சிற்றுருவங்களுக்கும் உரிய கண்காட்சி அது. அதை நடத்துவது வணிக நிறுவனம் அன்று. ‘சவுத் லண்டன் வார்லார்ட்ஸ்’ என்னும் ஆர்வலர் மன்றத்தின் உறுப்பினர்களே. 1970களின் முற்பகுதியில் தொடங்கிய இந்நிகழ்வு 2023 ஏப்ரலில் தன் 50ஆவது கூட்டத்தைக் கண்டது. 2020 ஏப்ரலில் ஆட்ட மேசைகள் நிற்க வேண்டிய அந்த மையம் கொரோனா நோயாளிகளுக்கான நைட்டிங்கேல் மருத்துவமனையாக மாறியிருந்தது. சல்யூட் மீண்டும் கூடுவதற்கு 2021 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஈஸ்ட் ஹாமில் வசிக்கும் எனக்கு அந்த மையம் காலை இட்லியை முடித்துவிட்டுக் கிளம்பினாலும் கதவு திறக்குமுன் போய்ச் சேரக்கூடிய தொலைவில் இருக்கிறது. பார்வையாளனாகப் பல ஆண்டுகள் போயிருக்கிறேன். நண்பர்கள் மூவருடன் சேர்ந்து, இதைவிடச் சிறிய வட்டாரக் கண்காட்சிகள் இரண்டில் ஆட்ட மேசை நடத்தியும் இருக்கிறேன். மேசையின் இரு பக்கமும் நின்றவன் என்ற முறையில், இத்தகைய நிகழ்வுகளில் சிலர் முகம் மலர்ந்து வீடு திரும்புவதும், வேறு சிலர் வலிக்கும் கால்களையும் கனக்கும் பையையும் மட்டும் சுமந்துகொண்டு திரும்புவதும் ஏன் என்பதை இங்கே ஆராய முற்படுகிறேன்.

இப்பொழுதுபோக்கை அறியாத வாசகருக்குச் சில சொற்கள் தேவை. ஓர் அங்குலத்தைவிடச் சற்றே உயரமான, 28 மில்லிமீட்டர் அளவு என்று சொல்லப்படும் வீரர் உருவங்களே இன்று மிகப் பரவலானவை. 15, 10, 6 மில்லிமீட்டர் அளவுகளிலும் படைகள் உண்டு. உலோகத்திலோ பிளாஸ்டிக்கிலோ ரெசினிலோ வார்க்கப்பட்டு வண்ணமின்றி விற்கப்படும் அவற்றை வாங்கியவரே வெட்டி, ஒட்டி, அடிப்பூச்சு பூசி, மிக நுண்ணிய தூரிகையால் வண்ணம் தீட்டுகிறார். பின்னர் செயற்கைப் புல்லும் நுரைப்பலகைக் குன்றுகளும் பரப்பிய மேசையில், அளவு நாடாவும் பகடையும் கொண்டு, வரலாற்றுப் போரையோ கற்பனைப் போரையோ ஆடுகிறார். ஓர் ஆட்டம் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். அதற்கான படையைத் தீட்டி முடிக்க ஒரு குளிர்காலம் முழுவதும் போகும். ஆக, இந்தப் பொழுதுபோக்கின் பெரும்பகுதி, விளக்கடியில் ஒருவர் தனியே அமர்ந்து செய்யும் வேலை. வீட்டிலுள்ளவர்கள் அதைக் கனிவோடு பொறுத்துக்கொள்வார்களே தவிர, சட்டையின் மடிப்பில் நிழல் விழுந்திருக்கும் நயத்தைப் பற்றிப் பேச அவர்களிடம் எதுவும் இருக்காது. அந்தத் தனிமையை உடைக்கும் நாளாகவே ஆர்வலர் கண்காட்சி நாளை எதிர்பார்க்கிறார். கூடம் எவ்வளவு பெரிது, கடைகள் எத்தனை என்பவை அவருக்கு அடுத்த கேள்விகள்தாம்.

கூடத்தில் இருப்பவை

சல்யூட்டின் அமைப்பு பிரிட்டனின் ஏனைய போர்விளையாட்டுக் கண்காட்சிகளின் அமைப்பைப் பெருக்கி வைத்ததே. கூடத்தின் பெரும்பகுதியை வணிகர்களின் கடைகள் நிரப்புகின்றன. அவற்றினூடே நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த மன்றங்கள் ஆட்ட மேசைகளை விரித்திருக்கின்றன. ஒரு பக்கம் வண்ணம் தீட்டும் போட்டிக்கான கண்ணாடிப் பேழைகள் நிற்கின்றன. முன்கூட்டியே சீட்டு வாங்கியவர்களுக்கு வாயிலில் ஒரு பை தருகிறார்கள். அதில் அவ்வாண்டுக்கென்றே வடிக்கப்பட்ட சிற்றுருவம் ஒன்று இருக்கும். அந்த இலவசப் பொம்மையின் விற்பனை மதிப்பு சொற்பம்தான். ஆனால் வரிசையில் நின்று உள்ளே வந்தவர் முதல் நொடியிலேயே கையில் ஒன்றைப் பெற்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பக்கத்தில் நிற்கும் முன்பின் அறியாதவரும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். “உங்களுடையதில் வாள் வளைந்திருக்கிறதா?” என்று ஒருவர் கேட்டால் போதும், பேச்சு தொடங்கிவிடும். விழா அமைப்பாளர்கள் இதைத் திட்டமிட்டுச் செய்தார்களா என்பது முக்கியமன்று. பயன் கண்ணெதிரே தெரிகிறது.

காட்சி மேசையும் பங்கேற்பு மேசையும்

மன்றங்கள் நடத்தும் மேசைகள் இரு வகைப்படும். முதலாவது காட்சி ஆட்டம். அதில் மன்றத்தினரே தமக்குள் ஆடுவார்கள். வந்தவர் பார்த்துவிட்டு நகர்வார். இரண்டாவது பங்கேற்பு ஆட்டம். வந்தவரே உட்கார்ந்து, சுருக்கப்பட்ட விதிகளின்படி அரைமணி நேரம் ஆடிவிட்டு எழுவார். ஒரு கண்காட்சியின் இன்பம் பெரிதும் இவ்விரண்டும் எப்படி நடத்தப்படுகின்றன என்பதைப் பொறுத்தது என்பதே என் முடிவு. இதை எல்லோரும் ஏற்பார்கள் என்று சொல்லமாட்டேன். கடைகளுக்காகவே வருபவர்கள் உண்டு, அவர்களைப் பிறகு பார்ப்போம்.

காட்சி மேசைகளில் மிகச் சிறந்தவை கண்ணைப் பறிப்பவை. ஒரு கோட்டை மதிலின் ஒவ்வொரு கல்லையும் தனித்தனியே கீறி, ஓடையில் ரெசின் ஊற்றி, கரையில் நாணல் நட்டு, ஆயிரக்கணக்கான வீரர்களை நிறுத்திய மேசைகளை அங்கே காணலாம். பல மாத உழைப்பு அது. ஆனால் அதைச் செய்தவர்கள் நால்வரும் பார்வையாளருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தம் ஆட்டத்தில் ஆழ்ந்து, இடையிடையே தமக்குள்ளேயே சிரித்துக்கொண்டு நிற்கும் காட்சியும் இக்கண்காட்சிகளுக்குப் புதிதன்று. பார்வையாளர் தோள்களின் இடுக்கு வழியே எட்டிப் பார்க்கிறார். எந்தப் போர், எந்த ஆண்டு, எந்தப் பக்கம் எவர் என்று எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. படம் ஒன்று எடுத்துக்கொண்டு நகர்கிறார். கொலு வைத்த வீட்டுக்கு விருந்தினர் வரும்போது வீட்டுக்காரர் படிகளைப் பார்த்தபடியே நின்றால் எப்படி இருக்கும்? கொலுவுக்கு நம்மூரில் ஓர் ஒழுங்கு உண்டு: வந்தவரை உட்காரவைத்து, ஒரு பாட்டுப் பாடச் சொல்லி, சுண்டலைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். பொம்மைகள் எத்தனை படி என்பதை ஒரு வாரத்தில் மறந்துவிடுவோம். பாடச் சொன்ன வீட்டை மறப்பதில்லை.

இதனால் காட்சி மேசைகளே கூடாது என்று நான் வாதிடவில்லை. நாட்டிங்கம்ஷயரில் நியூவார்க் நகரை ஒட்டி நடைபெறும் ‘பார்ட்டிசான்’ கண்காட்சி, முன்பு கெல்லம் ஹால் என்னும் விக்டோரியா காலத்து மாளிகையிலும் பின்னர் நியூவார்க் கண்காட்சித் திடலிலும், பெயர்பெற்றதே அதன் காட்சி மேசைகளின் அழகால்தான். அழகுள்ள மேசையை அன்புள்ள மேசையாக்குவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு என்பதே நான் சொல்ல வருவது. நால்வரில் ஒருவர் ஆடாமல், வருபவரின் முகத்தைப் பார்த்து நின்றால் போதும். மணிக்கொருமுறை அவரை மாற்றிக்கொள்ளலாம். போரின் பெயர், நாள், இரு தரப்பின் தளபதிகள் ஆகிய மூன்றையும் கண்மட்டத்தில் ஒரு பலகையில் எழுதி வைக்கலாம். மேசை ஓரத்தில் நாலைந்து பழைய உருவங்களை வைத்து “இவற்றை எடுத்துப் பார்க்கலாம்” என்று எழுதலாம். எதையும் தொடாதீர்கள் என்ற அறிவிப்பையே எங்கும் கண்டு பழகிய சிறுவனுக்கு அந்த ஒரு வரி தரும் மகிழ்ச்சியை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும்.

பங்கேற்பு மேசைக்கு எதிர்வகையான இடர் உண்டு. அங்கே வரவேற்பு தானாக வந்துவிடும், விதிகள்தாம் பகை. இதை நாங்கள் எங்கள் செலவிலேயே கற்றோம்.

எங்கள் மேசை: முதல் முறை

நாங்கள் தேர்ந்தெடுத்தது வந்தவாசிப் போர். 1760 ஜனவரி 22 அன்று, இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள வந்தவாசிக் கோட்டைக்கு வெளியே, ஐர் கூட் தலைமையிலான பிரிட்டிஷ் படையும் லாலி தலைமையிலான பிரெஞ்சுப் படையும் மோதிய போர் அது. தென்னிந்தியாவில் பிரெஞ்சு ஆதிக்கத்தின் முதுகெலும்பை முறித்த நாள். வந்தவாசியும் அடங்கிய ஏழாண்டுப் போரின் ஐரோப்பியக் களங்களை ஆடிச் சலித்த பிரிட்டிஷ் ஆர்வலர்களுக்குப் பனைமரமும் ஏரிக்கரையும் உள்ள மேசை ஒரு மாறுதலாக இருக்கும் என்று எண்ணினோம். பனைமரங்களை நானே கம்பியும் காகிதமும் கொண்டு செய்தேன். அவற்றில் இரண்டு தென்னைபோல் இருந்தன என்று நண்பர் ஒருவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மேசையில் குறை சொல்ல அதிகம் இல்லை. விதிகள் 14 பக்கம் இருந்தன. ஒவ்வொரு படைப்பிரிவின் மனவுறுதிக்கும் ஓர் அட்டவணை, பீரங்கியின் தொலைவுக்கு ஓர் அட்டவணை, சிப்பாய்ப் படைகளுக்குத் தனி விதி, மராட்டியக் குதிரைப்படைக்கு இன்னொரு தனி விதி. எங்கள் வீட்டு மேசையில் ஆடியபோது மூன்று மணி நேரமும் இனிமையாகக் கழிந்தது. கண்காட்சியில் முதலில் உட்கார்ந்தவர்கள் ஒரு தந்தையும் இரண்டு மகன்களும். என் நண்பர் விதிகளை விளக்கத் தொடங்கினார். தெளிவாகத்தான் விளக்கினார். 12ஆவது நிமிடத்தில் இளைய மகன் பக்கத்து மேசையை நோக்கித் திரும்பினான். 15ஆவது நிமிடத்தில் தந்தை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதுவரை எவர் கையிலும் பகடை இல்லை. நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். பிற்பகலில் வந்த அனுபவசாலிகள் இருவர் கடைசிவரை ஆடினார்கள், ஆனால் முடிவதற்குள் கூடத்தின் விளக்குகளை அணைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு நாள் முழுவதும் நின்று, முழுமையாக ஓர் ஆட்டம்கூட முடியவில்லை.

அன்று எங்களுக்கு மகிழ்ச்சி தந்த ஒரே நிகழ்வு ஆட்டத்தோடு தொடர்பில்லாதது. மகனை அழைத்து வந்திருந்த அம்மையார் ஒருவர் எங்கள் பலகையைப் படித்துவிட்டுத் தமிழில் கேட்டார்: “தம்பி, இது நம்ம வந்தவாசியா?” ஆமாம் அக்கா என்றேன். தம் தாயாரின் ஊர் செய்யாறு என்றும், வந்தவாசியில் கோரைப்பாய் வாங்க அம்மாவோடு போயிருக்கிறோம் என்றும், அங்கே போர் நடந்தது பள்ளிப் பாடத்தில் ஒரு வரியாக மட்டும் தெரியும் என்றும் சொன்னார். கோட்டை எந்தப் பக்கம், ஏரி எந்தப் பக்கம் என்று பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம். அவர் பையன் மட்டும் பகடைகளைப் பார்த்தபடி நின்றிருந்தான். அவனிடம் அவற்றைக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை என்பதை நினைக்கும்போது இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

வாங்குவதன் இன்பம்

கடைகளுக்கு வருவோம். எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே வாங்கிக்கொள்ளக்கூடிய காலத்தில் கடைக்காக ஒருவர் ஏன் கூடத்துக்கு வர வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. அஞ்சல் செலவு மிச்சமாகிறது என்பது ஒரு விடை. உலோகப் படை கனமானது, ஆகவே பலர் முன்பதிவு செய்து, கண்காட்சியன்று கடையில் பெற்றுக்கொள்கிறார்கள். பருமன் ஒப்பீடு இன்னொரு விடை. 28 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தாலும் ஒரு நிறுவனத்தின் வீரன் மெலிந்தும் இன்னொன்றின் வீரன் புடைத்தும் இருப்பான்; இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் ஒரே படையில் சேர்க்க முடியுமா என்று தெரியும். இதற்காகவே தம் வீட்டு வீரன் ஒருவனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

ஆனால் உண்மையான ஈர்ப்பு, விற்பவரே பல வேளைகளில் படைத்தவராக இருப்பதில் உள்ளது. பிரிட்டனின் இத்தொழில் பெரும்பாலும் சிறு நிறுவனங்களால் ஆனது; நாட்டிங்கம் நகரைச் சுற்றியே அவற்றுள் பல குவிந்திருப்பதால் அப்பகுதிக்கு ‘ஈயப் பட்டை’ என்ற செல்லப்பெயரும் உண்டு. நீண்டகாலம் பெரும் சிற்றுருவ விளையாட்டு நிறுவனமான கேம்ஸ் வொர்க்‌ஷாப்புக்காகச் சிற்றுருவங்கள் வடித்துப் பின்னர் சொந்தப் பெயரில் நிறுவனம் நடத்தும் ஆலன், மைக்கேல் பெரி இரட்டையர் போன்றவர்களின் கைவண்ணத்தைச் சிறுவயது முதல் தீட்டி வளர்ந்தவருக்கு, அத்தகைய சிற்பி ஒருவர் கடைமேசைக்கு அப்பால் நின்று “அந்தச் சட்டையில் எத்தனை பொத்தான் என்று கண்டுபிடிக்க அருங்காட்சியகத்துக்கே போனேன்” என்று சொல்லக்கூடும் என்ற வாய்ப்பே பாதி இன்பம். கண்ணாடிப் பேழையில் தீட்டிய மாதிரிகளை வைத்து, அருகிலேயே வார்ப்பை வெறுமையாகவும் தொங்கவிட்டிருக்கும் கடைகளில் கூட்டம் நிற்பதையும், பெட்டிகளை மட்டும் அடுக்கிய கடைகளில் கூட்டம் நகர்வதையும் பார்க்கலாம். 2021 ஜனவரிக்குப் பின் ஐரோப்பியக் கண்டத்து வணிகர்கள் சரக்கோடு வந்து போவதற்குச் சுங்க ஆவணச் சுமை கூடிவிட்டது. விற்பனையை அவர்கள் அஞ்சலில் ஈடுகட்டிக்கொள்ளலாம். மேசைக்குக் குறுக்கே நடந்த பேச்சை எதைக்கொண்டு ஈடுகட்டுவது?

பழைய பொருள் விற்பனையைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் கண்காட்சிகளில் இதற்கு இரு முறைகள் உண்டு. ஒன்றில், விற்பவர் விலைச்சீட்டு ஒட்டி மன்றத்தினரிடம் ஒப்படைக்கிறார். விற்றதும் ஒரு சிறு பங்கு மன்றத்துக்குப் போகிறது. மற்றதில், விற்பவரே ஒரு மணி நேரத்துக்கு மேசையை வாடகைக்கு எடுத்துத் தாமே நின்று விற்கிறார். முதலாவதில் நெரிசலும் வரிசையும் அதிகம், இரண்டாவதில் பேரமும் கதையும் அதிகம். ஒருவர் பாதி தீட்டிக் கைவிட்ட படையை இன்னொருவர் வாங்கும்போது, எந்த வண்ணக்கலவையில் தீட்டினேன் என்பதைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தனுப்பும் காட்சியை இரண்டாவதில்தான் கண்டிருக்கிறேன்.

கண்ணாடிப் பேழை

வண்ணம் தீட்டும் போட்டி இல்லாத பெரிய கண்காட்சி அரிது. இங்கும் ஆர்வலரின் மகிழ்ச்சியை நிர்ணயிப்பது நடுவர்முறைதான். தரவரிசை முறையில் ஒவ்வொரு பிரிவிலும் மூவருக்குப் பரிசு. மற்றவர்கள் தம் உருவத்தை எடுத்துக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான். இம்முறையின் உச்சம் கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1987இல் தொடங்கிய ‘கோல்டன் டீமன்’ போட்டி. அதில் அனைவரையும் வென்றவருக்கு ‘ஸ்லேயர் வாள்’ என்னும் உண்மையான வாளே பரிசு. அந்த வாளைக் கையில் ஏந்த வேண்டும் என்ற ஏக்கம் ஒரு தலைமுறையின் தூரிகைக் கலையையே உயர்த்தியது என்றால் மிகையாகாது. போட்டியின் கூர்மையை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

எனினும் முதன்முறை பங்கேற்பவருக்குத் திறந்த முறையே ஏற்றது என்பது என் கருத்து. சிற்றுருவச் சிற்பக்காரர்களின் கண்காட்சிகள் சிலவற்றில், குறிப்பாகச் சிகாகோவில் ஆண்டுதோறும் நடக்கும் கண்காட்சியில், நெடுநாளாக வழங்கிவரும் முறை இது. ஒருவருடைய படைப்பை இன்னொருவருடையதோடு ஒப்பிடாமல், ஒரு தர அளவுகோலோடு மட்டும் ஒப்பிட்டுத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று வழங்குவார்கள். பத்துப் பேர் தங்கத்துக்குத் தகுதி பெற்றால் பத்துப் பேருக்கும் தங்கம். கடந்த ஆண்டு வெண்கலம், இந்த ஆண்டு வெள்ளி என்று ஒருவர் தம்மோடு தாமே போட்டியிட முடிகிறது. எந்த முறையானாலும் நடுவர்கள் ஒரு மணி நேரம் பேழையருகே நின்று, கேட்பவர்களுக்குக் குறைநிறைகளைச் சொல்வார்களானால், பதக்கம் பெறாதவரும் எதையோ பெற்றுத்தான் போவார். “உங்கள் நிழல்கள் சரி, ஒளிபடும் இடங்களில்தான் துணிவு போதவில்லை” என்று நடுவர் ஒருவர் எனக்குச் சொன்ன ஒரு வாக்கியம், நான் வாங்கிய எந்தப் பெட்டியைவிடவும் நெடுநாள் பயன்பட்டது.

ஒரு நிறுவனத்தின் விழா

ஒப்பீட்டுக்கு ‘கேம்ஸ் டே’யைக் கருதலாம். ஜான் பீக், இயன் லிவிங்ஸ்டன், ஸ்டீவ் ஜாக்சன் என்னும் நண்பர்கள் மூவர் 1975இல் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பைத் தொடங்கியபோது அது கையால் செய்த மரப்பலகை விளையாட்டுகளை விற்ற மிகச் சிறிய முயற்சி. அதே ஆண்டு டிசம்பரில் லண்டன் சீமோர் அரங்கில் அவர்கள் கூட்டிய முதல் கேம்ஸ் டே, எல்லா வகை விளையாட்டு ஆர்வலர்களும் கூடிய நாள். நிறுவனம் வளர்ந்தது, விழாவும் வளர்ந்து, பர்மிங்ஹாமின் பெரும் கண்காட்சி மையத்துக்குப் போனது, காலப்போக்கில் ஒரே நிறுவனத்தின் பொருள்களுக்கான விழாவாயிற்று. 2013க்குப் பின் அப்பெயரில் பிரிட்டனில் அது நடக்கவில்லை. 2014 முதல், அந்நிறுவனத்தின் விளையாட்டான வார்ஹேமரின் பெயரைத் தாங்கிய ‘வார்ஹேமர் ஃபெஸ்ட்’ அதன் இடத்துக்கு வந்தது.

ஒரே நிறுவனத்தின் விழாவில் சில நலன்கள் உண்டு: அனைவரும் ஒரே கதையுலகை அறிந்தவர்கள், ஆகவே அறிமுகமே தேவையில்லை, வரப்போகும் புதிய உருவங்களை முதலில் காணும் பரபரப்பும் உண்டு. ஆனால் அத்தகைய விழாவில் ஆர்வலர் எளிதில் அவையோராகிவிடுகிறார். மேடையில் அறிவிக்கிறார்கள், கீழே கைதட்டுகிறார்கள். சல்யூட்டில் மேடை முதன்மையன்று. கூடத்தின் ஒரு மூலையில் ரோமானியப் படை, அடுத்த மேசையில் விண்வெளி வீரர்கள், அதற்கடுத்து நெப்போலியன். தாம் ஒருபோதும் ஆடப்போவதில்லை என்றிருந்த காலகட்டத்தில் ஒருவர் இடறி விழுவதற்கு இந்தக் கலப்படமே காரணம். மன்றம் நடத்தும் விழாவுக்கும் நிறுவனம் நடத்தும் விழாவுக்கும் இடையே எனக்குத் தென்படும் வேறுபாடு, முன்னதில் பார்வையாளர் அடுத்த ஆண்டு மேசை போடுபவராக மாறக்கூடும் என்பதே. நாங்கள் மாறியது அப்படித்தான்.

காலும் கண்ணும்

உடலைப் பற்றிய விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கண்காட்சிக் கூடங்களின் தரை கான்கிரீட். விளக்குகள் உயரமான கூரையில். அரை மில்லிமீட்டர் கண்விழியைத் தீட்டியவரின் உழைப்பு அந்த வெளிச்சத்தில் பாதி மறைந்துவிடும். மேசைக்கு மின்னிணைப்பு பெறுவது செலவு பிடிக்கும் காரியம், ஆகவே மின்கலத்தில் எரியும் சிறு விளக்குகள் இரண்டைக் கையோடு கொண்டு போவது நல்லது. உட்கார நாற்காலிகள் கூடத்தின் நடுவிலேயே இருக்க வேண்டும். உணவகத்தில் மட்டும் இருந்தால் உட்காரப் போனவர் திரும்பி வருவதில்லை. இரைச்சல் மிகுந்த கூடத்தில் காது மந்தமான முதியவர்களுக்கு விதிகளைக் கத்திச் சொல்வதைவிட அட்டையில் எழுதிக் காட்டுவது மேல். சிற்றுருவ ஆர்வலர்களில் நடுவயதைத் தாண்டியவர்கள் ஏராளம் என்பதால் இவை சிறிய விஷயங்கள் அல்ல.

எங்கள் மேசை: இரண்டாம் முறை

அடுத்த ஆண்டு வேறொரு வட்டாரக் கண்காட்சிக்கு அதே பனைமரங்களோடு போனோம். விதிகளை ஓர் அஞ்சலட்டையின் இரு பக்கங்களில் அடக்கியிருந்தோம். அட்டவணைகள் எல்லாம் போயின. நான்கு அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி என்ற ஒரே விதிதான் எஞ்சியது. போர் முழுவதையும் ஆடும் ஆசையையும் விட்டோம். பிரெஞ்சு அணியின் இடப்பக்கம், குளக்கரையை அரணாக்கி அவர்கள் நின்ற பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். உண்மைப் போரில் அங்கே பிரிட்டிஷ் குண்டு ஒன்று பட்டு வெடிமருந்து வண்டி வெடித்தது. அந்தக் குழப்பத்தில் அப்பகுதி ஆட்டம் கண்டது. அதை மீட்க முயன்ற பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி சிறைப்பட்டார். ஆகவே ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் வந்தவர் ஒரு பகடையை உருட்ட வேண்டும். ஆறு விழுந்தால் வண்டி வெடிக்கும். பிரெஞ்சு அணியை ஆடுபவர்தாம் அதை உருட்ட வேண்டும் என்பது என் நண்பரின் குறும்பு.

முதல் நிமிடத்துக்குள் பகடை வந்தவர் கையில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் எங்களுக்குள் கட்டாயமாக்கியிருந்தோம். யார் எவர், ஏன் இந்தப் போர் என்பவற்றையெல்லாம் அவர் உருட்டிக்கொண்டிருக்கும்போதே சொன்னோம். நால்வரில் ஒருவர் எப்போதும் மேசைக்கு வெளியே நின்றார். ஓர் ஆட்டம் 25 நிமிடத்தில் முடிந்தது. மாலைக்குள் ஒன்பது ஆட்டங்கள். எதிர்பாராத விதமாக, ஆடியவர்களைவிட ஆடாமல் சுற்றி நின்றவர்களே அதிகம் கூச்சலிட்டார்கள். வண்டிக்கான பகடை உருளும்போதெல்லாம் பக்கத்து மேசைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பிரெஞ்சுத் தளபதியாக உட்கார்ந்த எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி நான்கு சுற்றுகள் தப்பித்து, ஐந்தாவதில் ஆறு போட்டபோது, அழுவாளோ என்று பயந்தோம். அவள் எழுந்து நின்று கைதட்டினாள். பிறகு தன் தாத்தாவை இழுத்து வந்து எதிரணியில் உட்காரவைத்து இன்னொருமுறை வெடிக்கச் செய்ய முடியுமா என்று கேட்டாள்.

வரலாற்று நுட்பம் குறைந்துவிட்டது என்று வந்தவர்களில் ஒருவர் குறைப்பட்டார். அவர் சொன்னது உண்மைதான். அவருக்காகவே பழைய 14 பக்க விதிகளின் படிகள் சிலவற்றை மேசையடியில் வைத்திருந்தோம், ஒன்றை எடுத்துக்கொடுத்தோம். வீட்டில் ஆடிப் பார்த்து, மராட்டியக் குதிரைப்படைக்கான விதி தவறு என்று மூன்று பக்கக் கடிதம் எழுதியிருந்தார். சரிபார்த்தோம், தவறுதான்.

அன்று மாலை பெட்டி கட்டும்போது, வெடிப்பைக் குறிக்க நாங்கள் செய்திருந்த பஞ்சுப் புகை பல கைகள் பட்டு அழுக்கேறி, உண்மையான புகையின் நிறத்துக்கே வந்திருந்தது. அதன் அடியில் ஒட்டியிருந்த சிறு விளக்கும் அணைந்துவிட்டது. அடுத்த முறைக்கு நான்கு புகைகள் செய்துகொண்டு வர வேண்டும் என்று அஞ்சலட்டையின் ஓரத்தில் குறித்துக்கொண்டோம்.